மேல்மாடி கொதிக்கிறது: இரண்டாவது ஏசி வாங்கவா, மொட்டை மாடியைக் கவனிக்கவா?

வெயிலூர்க்காரன் (வேலூர்) | ஏப்ரல் 13, இரவு 11.50

தூக்கம் வராததால் எழுதுகிறேன். எங்கள் வீடு முதல் மாடியில் இருக்கிறது. தலைக்கு மேல் வெறும் காங்கிரீட் தளம், அதற்கு மேல் ஆகாயம். இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை, எல்லாம் சேர்த்து 700 சதுர அடி. என் அறையில் 1.5 டன் ஏசி ஒன்று உண்டு. அடுத்த வாரம் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஜூன் வரை இருப்பார்கள். அவர்களுக்கான அறையில் மின்விசிறி மட்டும்தான்.

இப்போது அந்த அறையில் போய் நின்று பார்த்தேன். யாரோ தலைக்கு மேல் தோசைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல் இருக்கிறது. விசிறியைப் போட்டால் மேலே இருக்கும் சூடுதான் கீழே வருகிறது. வாசலுக்கு வந்தால் காற்று நன்றாகவே இருக்கிறது. உள்ளேதான் இந்த லட்சணம்.

போன வருடம் ஏப்ரல்-மே பில் 655 யூனிட். இன்னொரு ஏசி போட்டால் எங்கே போய் நிற்குமோ தெரியவில்லை. தளத்துக்கு வெள்ளை அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் சும்மா, ஏசி வாங்கு என்கிறார் இன்னொருவர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்மாடி (சென்னை) | ஏப்ரல் 14, காலை 7.15

ஏசி வாங்குங்கள். வெள்ளை அடித்துப் பார்த்தவன் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் வந்து, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பெயிண்ட், ஐந்து வருட கேரண்டி என்றெல்லாம் பேசி, ஒரே நாளில் அடித்துவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வடிகுழாயை அடைத்துக்கொண்டது. போன் போட்டால் எடுக்கவில்லை.

திண்ணைத்தாத்தா (தஞ்சாவூர்) | ஏப்ரல் 14, காலை 9.40

கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். வேலூர்த் தம்பிக்கு முதலில் ஒரு கணக்கு.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. உங்கள் 700 சதுர அடி என்பது 65 சதுர மீட்டர். அதாவது மதியம் 12 மணிக்கு உங்கள் மொட்டை மாடியில் 65 இஸ்திரிப்பெட்டிகளை சுவிட்ச் போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். எல்லாச் சூடும் வீட்டுக்குள் வராது. காற்றிலும் போகும், ஆகாயத்துக்கும் திரும்பும். ஆனால் பழுப்பேறிய காங்கிரீட், விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். 1.5 டன் ஏசி என்பது சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளக்கூடிய யந்திரம். அதை எதோடு மல்லுக்கு நிறுத்துகிறோம் என்று பாருங்கள்.

அதிலும் நம் ஊர்களின் இருப்பிடம் அப்படி. ஏப்ரல் 25 வாக்கில் வேலூரில் உச்சிவேளையில் ஒரு குச்சியை நட்டால் நிழலே விழாது, சூரியன் நேர் தலைக்கு மேல். அப்புறம் கொஞ்சம் வடக்கே போய்விட்டு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும். கோடையில் சுவரைவிடக் கூரைதான் அதிக அடி வாங்குகிறது. மேல்மாடி வீட்டில் வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் கூரையைப் பாருங்கள் என்பது இதனால்தான்.

இரவு 12 மணிக்கு ஏன் கொதிக்கிறது? ஐந்து அங்குலக் காங்கிரீட் மதியம் வாங்கிய சூட்டை நாலு மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கத் தொடங்கும். பிறகு நடு இரவு தாண்டியும் விடாது. வெளிக்காற்று குளிர்ந்த பிறகு உங்கள் தளம் மட்டும் பகலில் இருக்கிறது.

வெயிலூர்க்காரன் | ஏப்ரல் 14, காலை 10.05

இஸ்திரிப்பெட்டிக் கணக்கை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இதைத்தானே நான் நாலு வருடமாகச் சொல்கிறேன்" என்கிறாள்.

மேஸ்திரிமகள் (திருச்சி) | ஏப்ரல் 14, மாலை 6.30

நாலாம்மாடி அண்ணே, உங்கள் பெயிண்ட் உரிந்தது பெயிண்டின் குற்றமாக மட்டும் இருக்காது. ஒரே நாளில் முடித்தார் என்றீர்களே, அங்கேயே விஷயம் இருக்கிறது. பாசியும் மண்ணும் இருக்கும் தளத்தில் எதை அடித்தாலும் அது பாசியின் மேல்தான் ஒட்டும். பாசி கிளம்பினால் அதுவும் கூடவே கிளம்பும்.

எங்கள் அப்பா வீடுகளுக்குச் செய்வது சாதாரணச் சுண்ணாம்பு. முதல் நாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தளத்தை நன்றாகக் காயவிட வேண்டும். வெடிப்பு இருந்தால் அப்போதே அடைத்துவிட வேண்டும். கல் சுண்ணாம்பை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் செய்யவே கூடாது, இளகிவிடும். மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையும் கலந்துகொள்ளலாம். மோர் பதத்துக்கு இருந்தால் போதும். கெட்டியாக அடித்தால் பொருக்காகக் கிளம்பும்.

அடிப்பது வெயில் தாழ்ந்த பிறகு. தளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு முதல் கோட்டை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். மறுநாள் மாலை இரண்டாவது கோட்டைக் குறுக்குவாட்டில். உச்சி வெயிலில் அடித்தால் பூச்சு பிடிக்கும் முன்பே காய்ந்து, நடந்தால் காலோடு மாவாக வரும். எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். அதனால் வருடா வருடம் பங்குனியில் ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பெனி பூச்சு கூடுதல் வருடம் வரும். ஆனால் அதுவும் தூசி படிந்தால் மங்கும், வெயில் காலத்துக்கு முன் ஒருமுறை கழுவித்தான் ஆக வேண்டும்.

இதை அடித்த பிறகு மாடியில் வடாம் பிழிவதானால் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள் :)

தகரக்கூரை (சென்னை புறநகர்) | ஏப்ரல் 15, இரவு 10.20

தளம் போட்ட வீட்டுக்காரர்கள் பேசுகிறீர்கள், நானும் ஒரு ஓரமாக. நாங்கள் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வாடகை வீடு. காலை பத்து மணிக்கே உள்ளே இருக்க முடியாது. போன வருடம் மேலே கீற்று வேய்ந்து பார்த்தோம், சூடு நன்றாகத் தணிந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு தீ விபத்து. வீட்டு உரிமையாளர் வந்து கீற்றையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். சுண்ணாம்பு ஷீட்டில் நிற்குமா?

திண்ணைத்தாத்தா | ஏப்ரல் 16, காலை 8.10

ஷீட்டுக்குத்தான் வெள்ளைப் பூச்சு அதிகம் உதவும். மெல்லிய பொருள், சூட்டைச் சேமிக்காது. வெயில் ஏறியதும் கொதிக்கும், இறங்கியதும் ஆறும். வெயிலையே திருப்பியனுப்பிவிட்டால் உள்ளே வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அகமதாபாத்தில் 2010 வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். பின்னர் குடிசைப் பகுதி வீடுகளின் கூரைகளுக்கும் வெள்ளை அடித்தார்கள். காரணம் இதுதான், செலவு குறைவு, பலன் உடனே.

ஆனால் ஆஸ்பெஸ்டாஸைத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரால் மெதுவாக நனைத்துக் கழுவினால் போதும். மேலே ஏறி மிதிக்கவும் கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும். ஏணியில் நின்றபடி நீளக் கம்பு கட்டிய உருளை பிரஷ்ஷால் அடியுங்கள். சுண்ணாம்பு சீக்கிரம் கழன்றுவிடும், வெள்ளை எமல்ஷன் கொஞ்சம் கூட நிற்கும்.

நாலாம்மாடி | ஏப்ரல் 16, காலை 8.45

தாத்தா சொல்வதெல்லாம் சரி. எங்கள் அடுக்ககக் கதையைக் கேளுங்கள். மாடி பொதுச் சொத்து. கூரைக்குச் செலவு செய்யலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசினேன். "மேல்மாடிக்காரர் சூட்டுக்குத் தரைத்தளம் ஏன் பணம் தர வேண்டும்?" என்று ஒருவர் எழுந்தார். லிஃப்டுக்குத் தரைத்தளம் பணம் தருகிறதே என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து லிஃப்டுக்கும் தர மாட்டேன் என்று தொடங்கிவிட்டார்.

தகரக்கூரை | ஏப்ரல் 16, இரவு 9.30

எங்கள் கதையும் அதேதான். கூரை அவருடையது, கரண்ட் பில் என்னுடையது. அவர் ஏன் செலவு செய்யப் போகிறார்?

ஹைதராபாத்தில்_இருப்பவன் | ஏப்ரல் 17, காலை 11.00

தெலங்கானாவில் 2023இல் குளிர்கூரைக் (வெயிலைத் திருப்பியனுப்பும் கூரை) கொள்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வீடல்லாத கட்டடங்களுக்கும், 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்கும் குளிர்கூரை கட்டாயம். அதற்குக் குறைந்த மனைக்கு விருப்பம் போல். தகரக்கூரைக்காரர் வீடு அந்த அளவில் வராது என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. வெந்து சாவது சின்ன வீடு, விதி பெரிய வீட்டுக்கு.

திண்ணைத்தாத்தா | ஏப்ரல் 17, மாலை 5.20

விதி என்றதும் நினைவு வருகிறது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு 2007லேயே வந்தது. வீடுகளுக்கு 2018 டிசம்பரில் எக்கோ நிவாஸ் சம்ஹிதா. அதன்படி ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், 1.2 வாட்டுக்கு மேல் கடக்கக் கூடாது. நாம் போடும் வெறும் காங்கிரீட் தளத்தில் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு கடக்கும். மாநிலம் தன் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் இது கட்டாயமாகும். வரைபட அனுமதிக்காகப் பார்வையிட வருகிற அதிகாரி, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியை அங்குலக் கணக்கில் அளப்பார். கூரை எதனால் ஆனது என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை, என் மேசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோவை_சூரியன் | ஏப்ரல் 17, இரவு 8.00

எல்லாரும் சுண்ணாம்பு வாளியோடு நிற்கிறீர்கள். சோலார் போடுங்களேன். நான் 3 கிலோவாட் போட்டேன், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் கிடைக்கிறது. பேனலுக்குக் கீழே இருக்கும் தளம் நிழலாகிவிடுவதால் அந்த அறையும் இறங்கியது, இது நான் எதிர்பார்க்காத லாபம். ஒன்று மட்டும் கவனம், ஸ்டாண்டுக்குத் தளத்தைத் துளைக்க விடாதீர்கள். சிமெண்ட் கட்டை வைத்து அதன் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். என் வீட்டில் துளைத்தார்கள், அடுத்த மழைக்கு ஓதம்.

நாலாம்மாடி | ஏப்ரல் 17, இரவு 8.25

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இந்தத் தொல்லையெல்லாம் இருந்ததா? காரைக்குடிப் பக்கம் போனால் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. நாம்தான் காங்கிரீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

திண்ணைத்தாத்தா | ஏப்ரல் 18, காலை 7.50

நல்ல கட்டுமானம்தான், மறுக்கவில்லை. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். பாட்டுகூட உண்டு. அதன் மேல் தட்டோடு. எவ்வளவு கனம்! சூடு இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பதினான்கு அடி உயரம், மேலே காற்றுப் போக்கி, நடுவில் முற்றம்.

ஆனால் பொழுது சாய்ந்த பிறகு? அந்தச் சூடும் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும். நான் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவன். கோடையில் ஒரு ஆள் உள்ளே படுத்ததில்லை. திண்ணையிலும் முற்றத்திலும் மொட்டை மாடியிலும்தான் பாய். பகலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஜில்லென்றுதான் இருக்கும். நம் அறைகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரவில்தான் படுக்கிறோம். இரவுக்குத் தேவை கனம் அல்ல, பகலில் சூட்டையே ஏற்றாமல் விடுவது.

வெயிலூர்க்காரன் | ஏப்ரல் 27, இரவு 9.40

முடிவு செய்துவிட்டேன், ஏசி வாங்கவில்லை. ஆனால் நாலாம்மாடி கிளப்பிவிட்ட சந்தேகம் இருந்ததால் அப்பா அறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். என் அறைக்கு மேலே அப்படியே விட்டேன். இரண்டும் அடுத்தடுத்த அறை, ஒரே தளம்.

அளக்கக் கருவி? கொரோனா சமயத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டும் வெப்பமானி அலமாரியில் இருந்தது. முதலில் கூரையை நோக்கிக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்து பீப் என்று கத்தியது, தளத்துக்குக் கடுமையான காய்ச்சல். பிறகுதான் பொருள்களின் சூட்டைக் காட்ட வேறு பொத்தான் இருப்பது தெரிந்தது.

அடிப்பதற்கு முன் இரவு 9 மணிக்கு இரண்டு அறைக் கூரையும் 41 சுற்றி, அரை டிகிரி வித்தியாசம். அடித்து மூன்று நாள் கழித்து அதே நேரம்: என் அறை 41.2, அப்பா அறை 36.6. கையை உயர்த்தி உள்ளங்கையைக் கூரையில் வைத்தாலே தெரிகிறது. ஆள்கூலி, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் ஆகவில்லை.

அம்மா வந்ததும் இரண்டு அறையிலும் நின்று பார்த்துவிட்டு, "உன் ரூமுக்கு ஏன்டா அடிக்கல, காசு பத்தலையா?" என்றார்கள். ஆராய்ச்சி என்று விளக்க முயன்று விட்டுவிட்டேன். மீதிப் பாதிக்கும் நாளை ஆள் வருகிறது.

நாலாம்மாடி | ஏப்ரல் 27, இரவு 10.10

உங்கள் அறைக்கு மேற்குச் சுவர் உண்டா? அப்படியானால் ஒப்பீடு சரியில்லை.

வெயிலூர்க்காரன் | ஏப்ரல் 27, இரவு 10.20

மேற்குச் சுவர் அப்பா அறைக்குத்தான். கெட்ட அறையில்தான் சோதித்திருக்கிறேன்.

மேஸ்திரிமகள் | ஏப்ரல் 28, காலை 6.40

அப்படியானால் அந்த மேற்கு ஜன்னலையும் பாருங்கள் அண்ணே. உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். வெளியே மறைக்க வேண்டும். ஒரு மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள், நடுவில் காற்று ஓடட்டும். மதியம் வெயில் மேற்கே சாயத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். இரவு ஆனதும் சுருட்டிவிட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மாடித் தளத்துக்குக் கூலிங் டைல்ஸ் (சூட்டைக் குறைக்கும் வெள்ளை ஓடு) போடலாமா என்று இங்கே தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். போடலாம், ஆனால் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) பார்க்காத ஆளிடம் கொடுக்காதீர்கள். டைல்ஸ் வழவழப்பாக இருக்கிறது என்று வாட்டத்தைக் குறைத்துவிட்டால் தண்ணீர் மூலையில் நிற்கும், இணைப்பு வழியாக இறங்கும். எங்கள் தெருவில் ஒரு அம்மா இப்படி முழு மாடிக்கும் போட்டு, ஒரே வருடத்தில் பெயர்த்து எடுத்தார்கள். பழைய தளமானால் கூடுதல் பாரம் தாங்குமா என்றும் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வெயிலூர்க்காரன் | ஜூன் 6, இரவு 8.15

எல்லாருக்கும் கணக்கு ஒப்பிக்க வந்தேன். வீட்டில் இரண்டு பேர் கூடுதல், கத்திரி வெயில் முழுக்கத் தாண்டியாயிற்று. என் அறை ஏசியை 24இல் வைத்தேன், முன்பு 20. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தி திறன் பணியகம் சொல்வதைத் தாத்தா வேறு ஒரு இழையில் எழுதியிருந்தார். கூரை ஆறியதால் 24 போதுமாகவும் இருந்தது. இல்லாவிட்டால் எனக்கு அந்தப் புத்தி வந்திருக்காது.

பில்: 512 யூனிட்.

ஆமாம், 512! 500 யூனிட்டுக்குள் இருந்திருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை கிடைத்திருக்கும். பன்னிரண்டே யூனிட்டில் இருநூறு ரூபாய்க்கு மேல் போயிற்று. ரீடிங் எடுக்க வந்தவரை ஒரு நாள் முன்னால் வரக் கூடாதா என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார்.

கோவை_சூரியன் | ஜூன் 6, இரவு 8.40

655இலிருந்து 512, அதுவும் ஆள் கூடி! சண்டை போடாதீர்கள். ஹாலில் பழைய மின்விசிறியா?

வெயிலூர்க்காரன் | ஜூன் 6, இரவு 8.50

கல்யாணச் சீர் விசிறி. 75 வாட். நாளெல்லாம் ஓடும்.

கோவை_சூரியன் | ஜூன் 6, இரவு 9.05

பி.எல்.டி.சி. விசிறி (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட்தான் இழுக்கும். 45 வாட் மிச்சம், நாளைக்கு 14 மணி நேரம் என்று வைத்தால் 0.63 யூனிட், இரண்டு மாதத்துக்கு 38 யூனிட். உங்கள் 12 அதிலேயே அடங்கிவிட்டது.

வெயிலூர்க்காரன் | ஜூன் 8, காலை 10.30

வாங்கியாயிற்று. எலக்ட்ரீஷியன் ஸ்டூலில் ஏறி நிற்கிறார். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை அப்படியே விடலாமா, கழற்ற வேண்டுமா என்று கேட்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மேஸ்திரிமகள் | ஜூன் 8, காலை 10.34

கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் விசிறிக்குள் இருக்கும் சர்க்யூட் கெட்டுப்போகும். வேகம் ரிமோட்டில்தான். ரிமோட்டை அப்பா கைக்கு எட்டும் இடத்தில் ஆணியடித்து மாட்டிவையுங்கள், எங்கள் வீட்டில் இதுவரை இரண்டு தொலைந்திருக்கிறது.